படத்தொடர்புப் பலகையில் எந்தச் சொற்களை வைப்பது? ஆலோசனை தேவை

சிறப்புக் கல்வி ஆசிரியை, பட்டர்வொர்த்:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு மாநிலத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சிறப்புக் கல்வி வகுப்பை நடத்தி வருகிறேன். என் மாணவர்களுள் 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பேச்சு வரவில்லை என்றாலும், பிறர் பேசுவதை அவன் நன்றாகவே புரிந்துகொள்கிறான். பேச்சுக்குப் பதிலாகப் படத்தைத் தொட்டுத் தன் கருத்தைச் சொல்வதற்கென, அவனுக்காக 48 படங்கள் கொண்ட பலகை ஒன்றைத் தயாரித்தேன். பழங்கள், விலங்குகள், நிறங்கள், வாகனங்கள் எனப் பாடநூலை ஒட்டிய சொற்களே அதில் பெரும்பாலும் உள்ளன. "யானை எங்கே?" என்று கேட்டால் சரியாகத் தொட்டுக் காட்டுகிறான். ஆனால், தானாக அவன் தொடுவது பிஸ்கட் படத்தை மட்டுமே. மற்ற நேரங்களில் என் கையைப் பிடித்து இழுக்கிறான், இல்லாவிட்டால் பலகையைத் தள்ளிவிடுகிறான். ஆங்கிலத்தில் கிடைத்த அடிப்படைச் சொற்பட்டியல் ஒன்றை மொழிபெயர்த்துப் பார்த்தேன். பாதிச் சொற்கள் தமிழில் தனித்து நிற்கவே இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பேச்சுப் பயிற்சியாளர், கோலாலம்பூர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் பலகையால் அவன் கேள்விக்கு விடை சொல்ல முடிகிறது, ஆனால் தன் மனத்தில் இருப்பதைச் சொல்ல முடிவதில்லை. ஆங்கிலத்தில் செய்த ஆய்வுகளின்படி, அன்றாடப் பேச்சில் ஏறத்தாழ 80 விழுக்காடு, திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்களால் ஆனது. அவற்றுள் பெயர்ச்சொற்கள் மிகக் குறைவு. எனவே வா, போ, தா, பார், திற, நிறுத்து, இன்னும், போதும், உதவி, என்ன, எங்கே போன்றவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். யானைக்கும் வாழைப்பழத்துக்கும் பின்பக்கத்தில் இடம் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பில் நீங்கள் கண்ட சிக்கல் உண்மையானது. ஆங்கிலப் பலகையில் மறுப்புக்கு ஓரிரு படங்கள் போதும். தமிழில் இல்லை, வேண்டாம், முடியாது, தெரியாது, பிடிக்காது என ஒவ்வொன்றும் தனிச்சொல், ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நிற்காது. முதலில் வேண்டாம், இல்லை, பிடிக்காது ஆகிய மூன்றையும் வையுங்கள்.

சிறப்புக் கல்வி ஆசிரியை:

மிக்க நன்றி ஐயா. தன்னைச் சுட்டிக்காட்டும் ஆள் படத்தின் கீழ் நான் "நான்" என்று எழுதியிருக்கிறேன். அதை "வேண்டும்" படத்தோடு சேர்த்தால் "நான் வேண்டும்" என்றாகிவிடுகிறதே, அதை எப்படிச் சரிசெய்வது?

பேச்சுப் பயிற்சியாளர்:

அந்தப் படத்தின் கீழ் "எனக்கு" என்று எழுதிவிடுங்கள். எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு வலிக்கிறது, எனக்குத் தெரியாது என்று, ஒரு குழந்தை முதலில் சொல்ல விரும்புகிற செய்திகள் பலவும் தமிழில் "எனக்கு" என்றே தொடங்குகின்றன. "நான்" பிறகு வரலாம். மற்ற வேற்றுமை உருபுகளுக்கும் வினைமுடிவுகளுக்கும் படம் தேடவேண்டாம். அவன் "திற" என்பதைத் தொட்டால், நீங்கள் அதே படத்தைத் தொட்டு, "ஆமாம், கதவைத் திறக்கிறேன்" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். அவன் தொடாத நேரத்திலும் நீங்கள் பேசும்போது பலகையைத் தொட்டுக்கொண்டே பேசுங்கள். பலகையை யாரும் பயன்படுத்திக் காட்டாமல் குழந்தை அதைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. இடத்தையும் மாற்றாதீர்கள், ஏனெனில் நாளடைவில் அவன் கை படத்தைத் தேடாமல் இடத்தை நினைவில் வைத்தே நகரும். படங்களுக்கு ஸ்பெயினின் ஆரகோன் வட்டார அரசு வெளியிடும் அரசாக் (ARASAAC) என்ற படத்தொகுப்பைப் பாருங்கள். வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அது இலவசம்.

ஒரு தாய், ஆயர் ஈத்தாம்:

வணக்கம் டீச்சர். என் மகளும் படப்பலகையில்தான் பேசுகிறாள். ஒரு தைப்பூசத்துக்காகக் காவடி, தேர், மோர், தண்ணீர்ப்பந்தல் என்று பார்த்துப் பார்த்துப் படங்களை ஒட்டிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். மேளச் சத்தத்தின் நடுவே அவள் அவற்றுள் ஒன்றையும் தொடவில்லை. "போதும்", "வீடு" என்ற இரண்டை மட்டும் மாறிமாறித் தொட்டாள். அந்த இரண்டும் பலகையில் இல்லாமல் போயிருந்தால், அவள் தரையில் விழுந்து அழுதிருப்பாள், நானும் அதைப் பிடிவாதம் என்று நினைத்திருப்பேன்.

"வலிக்கிறது" என்ற படத்தை மறந்துவிடாதீர்கள். பாட்டி, மாமா, அக்கா ஆகியோருக்குப் பொதுப் படம் வேண்டாம். அவரவர் புகைப்படத்தையே ஒட்டி, வீட்டில் அழைக்கும் முறையையே எழுதுங்கள். எங்கள் வீட்டில் காலை உணவு என்று யாரும் சொல்வதில்லை, "பசியாற" என்றுதான் எழுதியிருக்கிறோம்.

சிறப்புக் கல்வி ஆசிரியை (3 வாரங்களுக்குப் பின்):

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பலகையை முழுவதும் மாற்றி அமைத்தேன். முதல் இரண்டு வாரங்கள் நான் மட்டுமே தொட்டுப் பேசினேன், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது "இன்னும்", "வேண்டாம்", "வெளியே" ஆகிய மூன்றையும் தானாகவே தொடுகிறான். ஆனால் கணிதப் பாடம் தொடங்கியதும் "வெளியே" என்பதை ஓயாமல் தொடுகிறான். அந்தப் படத்தைச் சில நாள்களுக்கு எடுத்துவிடலாமா?

பேச்சுப் பயிற்சியாளர்:

தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். பேசும் பிள்ளை வெளியே போகவேண்டும் என்று பத்து முறை கேட்டாலும் நாம் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து பறிப்பதில்லை. "வெளியே" படத்தைத் தொட்டு, "உனக்கு வெளியே போகவேண்டும், எனக்குப் புரிகிறது" என்று சொல்லுங்கள். பிறகு "இப்போது", "இல்லை", "பிறகு" ஆகியவற்றைத் தொட்டு, இந்தக் கணக்கு முடிந்ததும் போகலாம் என்று விளக்குங்கள். "பிறகு" பலகையில் இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள். கணக்கு முடிந்தவுடன், இரண்டு நிமிடமானாலும், அவனைக் கட்டாயம் வெளியே அழைத்துச் செல்லுங்கள்.