பட்டிமன்றம்: 'புதிய தலைமுறை அணு உலைகள் பாதுகாப்பானவையே' அணி, எப்படிப் பேசலாம்?

தேவகோட்டை வாசகன்:
மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறா. அடுத்த வாரம் காரைக்குடியில பள்ளிகளுக்கான பட்டிமன்றம். சீட்டுக் குலுக்கிப் போட்டதுல 'பாதுகாப்பானவையே' அணி இவளுக்கு விழுந்திருக்கு. அவளே தேடி எழுதினதுல ரெண்டு வரி எனக்கு உறுத்துது. ஒண்ணு, "இவை விபத்தே நடக்க முடியாத உலைகள்." இன்னொண்ணு, "கரண்ட் போனாலும் தானாகவே குளிர்ந்துவிடும், நம் வளவு வீட்டு முற்றம் வழியாகச் சூடு மேலேறிப் போய்விடுவதைப் போல." கேட்க நல்லாத்தான் இருக்கு. உண்மையா? கல்பாக்கத்துல வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

கானாடுகாத்தான் மணி:
எதிரணி புகுஷிமான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது கதை. அணியை மாத்திக் கேட்டு வாங்குங்க.

பள்ளத்தூர் பெரியவர்:
தம்பி, நான் கல்பாக்கத்துல சோடியம் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் வரியை அடிச்சிடச் சொல்லுங்க, அப்படி ஒரு உலை உலகத்துலயே கிடையாது. ரெண்டாவது வரியில விஷயம் இருக்கு.

உலையை நிறுத்துறது பெரிய காரியமில்லை. கட்டுப்பாட்டுக் கம்பி உள்ளே இறங்கினா ஓரிரு விநாடியில தொடர்வினை நின்னுடும். ஆனா அணு பிளந்து உண்டான துண்டுகள் சிதைஞ்சுக்கிட்டே இருக்கும், சூடும் வந்துக்கிட்டே இருக்கும். கல்பாக்கத்து ஈனுலை, அதாவது எரிக்கிறதை விட அதிகமா எரிபொருளை உண்டாக்குற உலை, தண்ணிக்குப் பதிலா உருகின சோடியத்தால குளிர்விக்கிறது. மின்சாரம் 500 மெகாவாட், வெப்பத் திறன் 1250 மெகாவாட். நிறுத்தின கையோட அதுல ஏறக்குறைய 6 சதவீதம், சுமார் 75 மெகாவாட் மிச்சமிருக்கும். ஒரு நாள் போனா அரை சதவீதம் பக்கம் வரும். அதை எடுக்கிறது யாரு? புகுஷிமாவுல 2011ல நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காத்தான் நின்னுச்சு. அப்புறம் சுனாமியில டீசல் ஜெனரேட்டர் மூழ்கி, குளிர்விக்க வழியில்லாம, இந்த மிச்சச் சூடே எரிபொருளை உருக்கிடுச்சு. மணி சொல்ற அந்த ஒரு வார்த்தையைப் பாப்பாவே முதல்ல எடுத்துப் பேசட்டும்.

ஈனுலையில இந்த மிச்சச் சூட்டை எடுக்கத் தனியா நாலு சோடியக் குழாய்ச் சுற்று வச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் 8 மெகாவாட் இழுக்கும். சூடான சோடியம் தானே மேலேறும், புகைபோக்கி வழியா வர்ற காற்றுல ஆறிக் கீழிறங்கும். பம்ப் தேவையில்லை. முற்றத்து உவமை இங்கே பொருந்தும். ஆனா முற்றத்துக்குக் கதவு கிடையாது, இதுக்கு உண்டு. அந்தக் காற்றுவழிக் கதவு நேரத்துக்குத் திறந்தாகணும். 'தானாகவே' என்ற சொல்லுக்குள்ள இப்படி எத்தனை கதவு இருக்குன்னு எண்ணிப் பார்க்கிறதுதான் எங்க வேலையே.

இன்னும் பலமான சீட்டு சீனாக்காரன் கையில இருக்கு. ஷிதாவ் விரிகுடாவுல ஹீலியத்தால குளிர்விக்கிற உலை. எரிபொருள் 6 சென்டிமீட்டர் உருண்டைகளா இருக்கும். உள்ளே இருக்கிற துகள்கள் ஒவ்வொண்ணுக்கும் பீங்கான் உறை, 1600 டிகிரி வரைக்கும் தாங்கும். 2023ல ஓடிக்கிட்டிருந்தப்பவே குளிர்விப்பை வேணும்னே நிறுத்திப் பார்த்தாங்க. யாரும் கை வைக்காம உலை தானே அடங்கி ஆறிச்சு. காகிதக் கணக்கோட நிக்காம நிஜ உலையிலயே செஞ்சு காட்டினது, அதனால எனக்கு இதுல மரியாதை அதிகம்.

இனி எதிரணி கேட்கப்போறது சோடியம். கத்தியால வெட்டினா வெண்ணெய்க்கட்டி மாதிரி இறங்கும். வெட்டின முகம் வெள்ளியா மின்னும், பார்த்துக்கிட்டிருக்கும்போதே மங்கிடும். சூடா காற்றுல கசிஞ்சா தீ. சுவாலை குட்டையா இருக்கும், வெள்ளைப் புகைதான் அறையை அடைச்சுக் கண்ணு, தொண்டையெல்லாம் எரிய வைக்கும். தண்ணி ஊத்தவே கூடாது, அதுக்குன்னு உலர் பொடி இருக்கு. இவ்வளவு தொல்லையோட ஏன் வச்சிருக்கோம்? கொதிக்க 883 டிகிரி வேணும், உலையில ஓடறது 550க்கு உள்ளே. அதனால அழுத்தம் ஏற்ற வேண்டியதில்லை. கூடங்குளத்துல தண்ணியைக் கொதிக்க விடாம வைக்க 150 மடங்குக்கு மேல வளிமண்டல அழுத்தம் கொடுக்கிறோம். ஒரு ஆபத்தைக் கொடுத்து இன்னொண்ணை வாங்கியிருக்கோம்.

என் பயம் நீராவி ஜெனரேட்டர்தான். குழாய்க்கு உள்ளே தண்ணி, வெளியே சோடியம், நடுவுல ஒரு இரும்புச் சுவர். நடுவுல வெல்டிங் இணைப்பு வரக்கூடாதுன்னே 23 மீட்டர் நீளத்துக்கு ஒரே குழாயா வாங்கினாங்க. ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் சோடியத்துல ஹைட்ரஜன் கூடும், உணர்கருவி சத்தம் போடும்.

சாத்தான்குளத்து மருமகன், காரைக்குடி:
ஐயா சொல்றது பொறியியல். எங்க ஊர்ப்பக்கம் கேள்வி வேற மாதிரி. ஜப்பான்ல மோஞ்சு உலையில 1995ல சோடியம் கசிஞ்சு தீப்பிடிச்சது. கதிரியக்கம் வெளியே போகலை. ஆனா நடத்தினவங்க வீடியோவை வெட்டிக் காட்டினாங்க. மக்கள் அதை மன்னிக்கலை, 2016ல மூடறதுன்னு முடிவாச்சு. இங்கே 2012லயே சிஏஜி (மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டப்படியான தன்னாட்சி இல்லைன்னு சொல்லுச்சு. 2025 டிசம்பர்ல வந்த புது அணுசக்திச் சட்டமான சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. அதே சட்டம், உதிரிபாகம் கொடுத்தவன் மேல 2010 அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்துல இருந்த பிடியைத் தளர்த்தியும் விட்டுது. தனியார் சிறு உலை வரப்போற நேரத்துல இது எனக்குச் சரியாப் படலை.

பள்ளத்தூர் பெரியவர்:
மாப்பிள்ளை சொன்னதை மறுக்க மாட்டேன். கல்பாக்கத்துலயே எங்க சின்னச் சோதனை ஈனுலையில 2002ல 75 கிலோ சோடியம் கசிஞ்சது, அதைக் கட்டுரையாவே எழுதி வெளியிட்டாங்க. அந்தப் பழக்கம் தனியார்கிட்ட இருக்குமான்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தேவகோட்டை வாசகன்:
ரொம்ப நன்றிங்க ஐயா. முதல் வரியை அடிச்சாச்சு. "எந்த ஆபத்து குறைந்தது, எது புதிதாக வந்தது, அதற்கு என்ன காவல்" என்று மாத்தி எழுதிட்டிருக்கா. ஆனா அஞ்சு நிமிஷம்தான் தருவாங்களாம்.

பள்ளத்தூர் பெரியவர்:
அப்போ சீனாச் சோதனைக்கு ரெண்டு நிமிஷம், சோடியத்துக்கு ரெண்டு. நடுவர் தமிழாசிரியரா இருந்தா மெகாவாட்டைக் குறைச்சுக்கச் சொல்லுங்க. இயற்பியல் வாத்தியாரா இருந்தா அந்த 6 சதவீதத்தை விடவே கூடாது.