ஸ்கொட்லாந்து பிரிந்து போகத்தான் வேண்டுமா?

கல்லடி டீச்சர்:
என் மகன் குடும்பம் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தோடு சேர்ந்து பிரித்தானியாவுக்குள் இருக்கும் நாடு ஸ்கொட்லாந்து. 2014 செப்டெம்பர் 18ஆம் திகதி அவனும் மருமகளும் ஒன்றாகத்தான் வாக்குப் போடப் போனார்கள். இருவருக்கும் அப்போது இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். ஆனாலும் பொதுநலவாய நாட்டவர், அங்கே சட்டப்படி குடியிருப்பவர் என்பதால் வாக்கு இருந்தது. சீட்டில் ஒரே கேள்வி: ஸ்கொட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா? மகன் ஆம். மருமகள் இல்லை. அன்று இரவு இரண்டு பேரும் பேசாமலே சாப்பிட்டு எழும்பினார்களாம்.

முடிவு, ஆம் 44.7 வீதம், இல்லை 55.3 வீதம். மருமகளின் பக்கம் வென்றது. ஆனால் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரித்தானியா முழுக்கக் கேட்டபோது ஸ்கொட்லாந்தில் 62 வீதம் பேர் விலக வேண்டாம் என்றார்கள். இங்கிலாந்தின் எண்ணிக்கை அதை மூடிவிட்டது. பிரிந்தால் ஐரோப்பாவை இழப்பீர்கள் என்று 2014இல் சொல்லித்தான் அந்த மக்களைப் பயமுறுத்தினார்கள். பிரியாமலே இழந்தார்கள். இதற்குப் பிறகும் அவர்கள் ஏன் சேர்ந்திருக்க வேண்டும்? தனியாகப் போகலாம் என்பது என் எண்ணம். மற்றவர்களும் சொல்லுங்கள்.

மட்டுறுத்துனர்:
ஒரு சொல் முன்கூட்டியே. இந்த இழை ஸ்கொட்லாந்தைப் பற்றியது. நம் இலங்கை அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் 1983 முதல் இந்த நாட்டுக்குள் தனிநாட்டை ஆதரிப்பதைத் தடை செய்திருக்கிறது. எழுதுகிற எல்லோருக்கும் வேலையும் குடும்பமும் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் எவ்வளவு காரமாகவும் பேசுங்கள்.

படுவான்கரையான் (கொக்கட்டிச்சோலை):
டீச்சர், 2016 மட்டும் இல்லை. தலைவரி என்று ஒரு வரி, பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தொகை. அதை இங்கிலாந்தில் 1990இல் கொண்டுவந்தார்கள். ஸ்கொட்லாந்தில் அதற்கு ஒரு வருடம் முன்பே, 1989இல். 1979இல் தங்களுக்கு ஒரு சபை வேண்டும் என்று வாக்களித்தவர்களில் 51.6 வீதம் பேர் ஆம் என்றார்கள். ஆனால் பதிவான வாக்காளர் எல்லோரிலும் 40 வீதம் ஆம் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். செத்தவனின் பெயர் இடாப்பில் இருந்தால் அவனும் இல்லை என்று சொன்னவனாகிவிடுவான். சபை கிடைக்கவில்லை. இன்னும் இருபது வருடம் காத்திருந்து 1999இல்தான் ஸ்கொட்லாந்தின் தலைநகர் எடின்பரோவில் அவர்களுடைய பாராளுமன்றம் கூடியது.

நோர்வேயைப் பாருங்கள். 1905இல் சுவீடனை விட்டுப் பிரிவதா என்று கேட்டார்கள். ஆம் 3,68,208. இல்லை 184. பெண்களுக்கு அப்போது வாக்கில்லை, அவர்கள் தாங்களாகவே இரண்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. இன்று இரண்டு நாடும் நல்ல அயலவர்கள். சின்ன நாடு தாக்குப்பிடிக்காது என்பவர்கள் நோர்வேக்குப் போய்ப் பார்க்கட்டும்.

கரைவாகு நானா (கல்முனை):
தம்பி, நோர்வேயை எல்லோரும் காட்டுவார்கள். நான் காசோடு வேலை செய்தவன், முப்பது வருடம் வங்கியில். அந்தக் கண்ணால் பார்க்கிறேன்.

நோர்வேயிடம் பிரியும்போதே சொந்தக் காசும் சொந்த மத்திய வங்கியும் இருந்தன. ஸ்கொட்லாந்திடம் இல்லை. 2014இல் அவர்கள் சொன்னது, பிரிந்தாலும் பவுண்ஸையே வைத்திருப்போம் என்று. லண்டன் நிதியமைச்சர் அந்த வருடம் பெப்ரவரியிலேயே முடியாது என்று சொல்லிவிட்டார். சரி, அவருடைய அனுமதி இல்லாமலும் பவுண்ஸைப் பாவிக்கலாம். ஆனால் வட்டி வீதத்தை லண்டன் தீர்மானிக்கும், உங்கள் வங்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்காது. அதுவா சுதந்திரம்? 1922இல் பிரிந்த அயர்லாந்து, 1979 வரை தன் காசை லண்டன் பவுண்ஸோடு ஒன்றுக்கு ஒன்று கட்டித்தான் வைத்திருந்தது. கொடி வேறு, பணப்பை ஒன்று. அந்தக் காலம் முழுக்க இளம் ஆட்கள் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குத்தான் வேலைக்குப் போனார்கள்.

புதுக் காசு அடிக்கலாமே என்பீர்கள். 2022 மார்ச்சில் நம் ரூபா என்ன ஆனது? 200 ரூபா இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் சவூதியில் இருக்கும் தம்பிக்காக நகையை மீட்க வந்த ஒரு உம்மா, வங்கி வாசலில் நின்று என்னிடம் கேட்டா, “மகன், காசு அதே காசுதானே, ஏன் சாமான் மட்டும் தூரப் போகுது?” என்று. எனக்குப் பதில் வரவில்லை. கிளாஸ்கோவில் ஓய்வூதியம் வாங்கும் ஒரு கிழவிக்கும் அதே பயம் இருக்கும். டீச்சர், உங்கள் மருமகள் எதற்காக இல்லை போட்டா என்று கேட்டீர்களா?

இன்னும் ஒன்று, எண்ணெய். 2014 நடுவில் ஒரு பீப்பாய் 110 டொலருக்கு மேல். அதை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள். 2016 ஜனவரியில் 30க்கும் கீழே. ஆம் வென்றிருந்தால், திட்டப்படி 2016 மார்ச்சில் சுதந்திரம். பிறந்த வீட்டிலேயே அடுப்பு எரிந்திருக்காது.

கல்லடி டீச்சர்:
கேட்டேன் நானா. அவ அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. தன் ஓய்வூதியம் எந்தக் காசில் வரும் என்று யாருமே ஒழுங்காகச் சொல்லவில்லை, அதனால்தான் என்றா. நீங்கள் சொன்னது சரி. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. எண்ணெய்க் கணக்கும் சரி.

ஆனால் ஒன்று. லண்டனோடு சேர்ந்திருந்த காலத்திலும் அதே எண்ணெய்தான் வடகடலில் இருந்து வந்தது. நோர்வே தன் எண்ணெய்க் காசை ஒரு நிதியத்தில் போட்டு வைத்தது. பிரித்தானியா வைக்கவில்லை. வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது காசுக் கணக்கிலும் தெரியும்.

வட்டவிதானை (அக்கரைப்பற்றுப் பக்கம்):
நான் படிப்புக் குறைந்தவன். வயல்காரன். ஆனால் பங்கு பிரிப்பது பற்றிக் கொஞ்சம் தெரியும்.

இங்கினியாகலை அணையில் கதவு திறந்தால்தான் எங்கள் வட்டைக்குத் தண்ணீர். மேலே உள்ளவர் சிங்களவர், நடுவில் தமிழர், முஸ்லிம்கள், கடைசி வாய்க்காலில் நாங்கள். வரப்பு வெட்டுவது ஒரு நாள் வேலை. அந்த வரப்புக்கு மேலால் தண்ணீர் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று பேசித் தீர்ப்பது ஒவ்வொரு போகமும் வேலை. மூன்று நாள் தண்ணீர் பிந்தினால் கதிர் பதராகும். அதனால் நான் யார் பிரிந்தாலும் முதலில் கேட்பது, பிரிந்த பிறகு கூட்டம் போட ஆள் இருக்கிறதா என்றுதான்.

செக்கும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி முதலாம் திகதி பிரிந்தன. சொத்தை இரண்டுக்கு ஒன்று என்று ஆள்தொகைப்படி பங்கு போட்டார்கள். ஒரே காசை வைத்திருக்கப் பார்த்தார்கள், ஆறு கிழமைகூட நிற்கவில்லை. ஆனாலும் சண்டை இல்லை. எனக்கு அதில் பிடிக்காதது, சனத்திடம் வாக்குக் கேட்கவே இல்லை. தலைவர்கள் பேசி முடித்தார்கள். ஸ்கொட்லாந்தில் அப்படியில்லை, 84.6 வீதம் பேர் வந்து போட்டிருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளும் போட்டிருக்கிறார்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன். பிரிய வேண்டாம் என்பதே என் கட்சி, ஆனாலும் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

படுவான்கரையான்:
ஐயா, கேட்பதற்கே இப்போது வழியில்லையே! 2012 ஒக்டோபரில் லண்டன் பிரதமர் கமரூனும் ஸ்கொட்லாந்தின் முதலமைச்சர் சல்மண்டும் எடின்பரோவில் ஒப்பந்தம் போட்டதால்தான் 2014 வாக்கெடுப்பே நடந்தது. அதன்பின் திரும்பவும் கேட்க வேண்டும் என்றார்கள். 2021 தேர்தலில் 129 ஆசனங்களில் 72 பேர் சுதந்திரத்தை ஆதரிக்கும் கட்சிக்காரர். அப்படியும் 2022 நவம்பர் 23இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம், லண்டன் சம்மதிக்காமல் அந்தப் பாராளுமன்றம் வாக்கெடுப்புச் சட்டம் இயற்ற முடியாது என்று ஏகமனதாகச் சொல்லிவிட்டது. ஒரு கலியாணத்தில் இருவரும் விரும்பித்தான் சேர்ந்தார்கள் என்று சொல்கிறீர்கள், ஒருவர் விலகுவதைப் பற்றிக் கேட்கவே மற்றவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறீர்கள்.

அதிகாரப் பகிர்வு போதும் என்றும் யாரோ வருவீர்கள். கொடுத்தவர் நினைத்தால் உறங்க வைத்துவிடலாம். எங்கள் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, அதன்பின் தேர்தலே இல்லை.

கரைவாகு நானா:
மாகாண சபை விஷயத்தில் உன்னோடு நிற்கிறேன், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் ஸ்கொட்லாந்தின் சபை அப்படிச் செத்த சபை இல்லை. பல்கலைக்கழகத்தில் உள்ளூர்ப் பிள்ளைக்குக் கட்டணமில்லை. மருந்துச் சீட்டுக்குக் காசில்லை. பொலிசும் நீதிமன்றமும் அவர்களுடையவை. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இங்கிலாந்தைவிடக் கூடுதலாகவே அரசுச் செலவு. இவ்வளவும் பிரித்தானியாவுக்குள் இருந்துதான்.

நான் உன்னிடம் கேட்க நினைத்தது வேறு. ஓர்க்னி, ஷெட்லாந்து என்று வடக்கே தீவுகள். முன்பு நோர்வே, டென்மார்க் ராஜாவுடையவை. மகளை ஸ்கொட்லாந்து ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தார், சீதனக் காசு கையில் இல்லை, 1468இலும் 1469இலும் இந்தத் தீவுகளை ஈடு வைத்தார். மீட்கவே இல்லை. அந்தத் தீவு மக்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. 2014இல் ஓர்க்னியில் 67 வீதம், ஷெட்லாந்தில் 64 வீதம் பேர் இல்லை என்றார்கள். ஸ்கொட்லாந்து பிரிந்தால் அவர்களை இழுத்துக்கொண்டுதான் போகும். லண்டன் எடின்பரோவுக்குச் செய்ததை எடின்பரோ ஷெட்லாந்துக்குச் செய்யலாமா?

கிழக்கில் பிறந்த முஸ்லிமுக்கு இந்தக் கேள்வி புத்தகத்தில் படித்தது இல்லை, தம்பி. பெரிய கூட்டத்துக்குள் சின்னக் கூட்டம், அந்தச் சின்னதுக்குள் இன்னும் சின்னது. நடுவில் இருப்பவர் எப்போதும் மேலே பார்த்துத்தான் பேசுவார். கீழே பார்க்க மாட்டார்.

படுவான்கரையான்:
நானா, இரண்டு நாளாக இதற்கு எழுதி எழுதி அழித்தேன்.

என் ஊர் இருக்கும் படுவான்கரைக்கும் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கும் நடுவில் மட்டக்களப்பு வாவி. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில்தான் கடக்க வேண்டும். (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் இங்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.) இரவில் பாதை இல்லை. பாம்பு கடித்தாலும் விடியும்வரை கரையில் கிடக்க வேண்டும். நகரத்தில் இருந்த எங்கள் ஆட்களே எங்களைப் படுவான்கரையார் என்று ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். அதனால் நீங்கள் சொல்லும் “கீழே பார்க்க மாட்டார்” எனக்கு விளங்குகிறது.

ஷெட்லாந்துக்காரர் வேண்டாம் என்றால் அவர்களிடம் தனியாகக் கேட்கத்தான் வேண்டும். இதை நான் முதலில் எழுதியபோது யோசிக்கவில்லை. ஆனால் அதைக் காரணமாக வைத்து ஸ்கொட்லாந்தின் வாயை மூடுவதை ஏற்க மாட்டேன். இரண்டு பேரிடமும் கேளுங்கள். பிரிய வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை.

கரைவாகு நானா:
மாற வேண்டாம். அவர்களிடமும் கேட்க வேண்டும் என்று நீ எழுதியது எனக்குப் போதும். நான் இன்னும் இல்லைதான். காசுக்குப் பதில் வரும்வரை இல்லை.

வட்டவிதானை:
தம்பி, குருமண்வெளிப் பாதையில் இப்போதும் மண்டூருக்குப் போகிறேன். இந்தப் பக்கம் வந்தால் சொல்லு, சேர்ந்து போவோம்.

கல்லடி டீச்சர்:
பேத்திக்கு 2014இல் ஆறு வயது. இப்போது வாக்கு இருக்கிறது, கேள்விதான் இல்லை. நேற்று இரவு வீடியோவில் நானாவின் ஷெட்லாந்துக் கதையை அவளுக்குச் சொன்னேன். அவளுடைய வகுப்பில் ஒரு பிள்ளை அந்தத் தீவாம். “அப்பம்மா, அவள் தன்னை ஸ்கொட்டிஷ் என்றே சொல்ல மாட்டாள், ஷெட்லாந்தர் என்றுதான் சொல்லுவாள்” என்றாள். நீ எதற்குப் போடுவாய் என்று கேட்டேன். பக்கத்தில் தாயும் தகப்பனும் இருந்தார்கள். இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவளுடைய வாக்கு.