காளிங்க நர்த்தன பொம்மையை ஃபைட்டர் மீன் தொட்டிக்குள் வைக்கலாமா?

செம்பூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பிறந்த நாளுக்கு ஒரு ஃபைட்டர் மீன் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. கருநீல உடம்பு, ஓரம் சிவந்த நீள வால், பட்டுப் பாவாடை போல விரித்துக்கொண்டு நீந்துகிறது. உள்ளங்கை அகல டப்பாவில் வைத்துத்தான் விற்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி ஒன்றும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

தொட்டி வந்ததும் அலங்காரம் ஆரம்பித்தது. இப்போது உள்ளே இருப்பவை: இரண்டு கிலோ நீலச் சாயக் கல், ரோஸ் கலரில் இரண்டு பிளாஸ்டிக் செடி, நான்கு ஜன்னல் வைத்த ஒரு கோட்டை. இனிமேல் போட வேண்டும் என்று மகள் எடுத்து வைத்திருப்பவை: ஜூஹு கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஒரு பை, அவளுடைய பித்தளைச் சொப்பில் இருந்து ஒரு குட்டிச் செம்பு, ஒரு கைக்கண்ணாடி ("பாவம், அதுக்கு ஃபிரெண்டே இல்ல"). கடைசியாக, நவராத்திரிக்குப் பரணிலிருந்து இறக்கிய காளிங்க நர்த்தன பொம்மை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கியது, நாலு அங்குலம் இருக்கும். "காளிங்கன் தண்ணிக்குள்ளதானே இருந்தான்?" என்று கேட்கிறாள். பதில் சொல்ல முடியவில்லை. என் மாமியாரோ, சாமி பொம்மையைக் கொண்டுபோய் மீன் மூத்திரத்திலா வைப்பீர்கள் என்று இரண்டு நாளாகப் பேசவில்லை.

இதற்கு நடுவில் நேற்று பார்த்தால் வாலில் நடுவே ஒரு கிழிசல். செடியால் ஆனதா, நோயா? எதை எடுக்க, எதை விட?

தாராவி 90 அடி:

ரோஸ் செடியை இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள் அக்கா, மீதியை அப்புறம் பேசலாம். பழைய ஷிஃபான் துப்பட்டாவையோ நைலான் சாக்ஸையோ அந்தச் செடி மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் வாலும் மாட்டும். கோட்டையின் ஜன்னல் ஓரங்களையும் அதே துணியால் பாருங்கள், அச்சில் வார்த்த பிசிறு அங்கேதான் இருக்கும். துணிச் செடி, சிலிகான் செடி என்றால் பயமில்லை.

மாட்டுங்கா மாமா:

அம்மா, வணக்கம். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மீனோடு முப்பது வருஷத்துப் பழக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வால். கிழிசலின் ஓரம் கத்தரியால் வெட்டினது போலச் சுத்தமாக இருந்தால் எங்கோ மாட்டிக் கிழிந்தது. ஓரம் கறுத்தோ வெளுத்தோ நைந்து, நாளுக்கு நாள் வால் குட்டையானால் அது துடுப்பு அழுகல். முதல் வகைக்கு மருந்தே வேண்டாம். கிழித்த பொருளை எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து விடாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். புதிதாக வளரும் இடம் முதலில் நிறமே இல்லாமல் கண்ணாடி போலத் தெரியும், பயந்துவிட வேண்டாம்.

இப்போது பொம்மை. குழந்தை கேட்ட கேள்வியில் தப்பே இல்லை, காளிங்கன் மடுவில்தான் இருந்தான். ஆனால் கொலு பொம்மை தண்ணீருக்குச் செய்தது அல்ல. காகிதக்கூழ் என்றால் ஒரே ராத்திரியில் ஊறி உப்பிவிடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சீக்கிரம் கரையாது, இந்த ஊரில் கணபதி கரைக்கிற சீசனில் நாம் பார்க்காததா? ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியத்தைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். சுட்ட மண்ணாகவே இருந்தாலும் மேலே பூசிய வர்ணம் சூளைக்குப் பிறகு பூசியது, அது உரியும். உரிந்ததை மீன் கொத்திப் பார்க்கும். ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் மாமியார் கட்சி ஜெயித்தது. காரணம் மட்டும் வேறு.

பித்தளைச் செம்பும் கூடாது. பித்தளை என்றால் பாதிக்கு மேல் தாமிரம். மீன் மருந்து சிலவற்றில் தாமிரம் இருக்கிறது, வாஸ்தவம்தான், ஆனால் அதைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடுவார்கள். செம்பு அளந்து விடாது. அதிலும் மும்பைக்கு வருவது தான்சா, வைதர்ணா, பாட்சா ஏரித் தண்ணீர். போர் தண்ணீர் மாதிரி உப்புக் கனம் கிடையாது. உப்பில்லாத தண்ணீரில் தாமிரம் மீனை இன்னும் சீக்கிரம் பாதிக்கும்.

சிப்பி முழுக்கச் சுண்ணாம்பு. ஒன்று கிடந்தால் குடி முழுகாது, ஒரு பை போட்டால் மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், பிஎச் (தண்ணீரின் காரத்தன்மை) ஏறும். நத்தை மாதிரி சுருண்ட சிப்பி என்றால் உள்ளே பழைய சதை ஒட்டியிருக்கும், அது அழுகும். கல் எது வாங்கினாலும் அதன் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டுக் காதருகே வைத்துக் கேளுங்கள். பொங்கினால், சீறினால், சுண்ணாம்புக் கல். பூந்தொட்டிக்குப் போடலாம். நீலக் கல்லில் ஒரு பிடி எடுத்து வெள்ளை வாளியில் வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தண்ணீர் லேசாக நீலம் காட்டினாலும் அத்தனையையும் அள்ளிவிடுங்கள். சாயம் ஏறாத ஆற்றுக் கூழாங்கல், பொடிசாக, ஒரு அங்குலப் பரப்பு போதும். கோலிக்குண்டு வேண்டாம், இடுக்கில் தீனி விழுந்து அழுகும், மீனால் எட்டி எடுக்க முடியாது. எதைக் கழுவினாலும் சோப்பு கூடாது. கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடவும் கூடாது, உள்ளே காற்றோ ஈரமோ அடைபட்டிருந்தால் வெடிக்கும். வெந்நீரை மேலே ஊற்றினால் போதும்.

கைக்கண்ணாடி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது ஃபிரெண்ட் இல்லை, எதிரி. ஃபைட்டர் ஆண் மீன் தன் பிம்பத்தை இன்னொரு ஆண் என்று நினைத்துச் செவுளை விரித்துக்கொண்டு நிற்கும். நமக்கு அழகு, அதற்கு வேலை. இரண்டு மூன்று நிமிஷம் காட்டி எடுத்துவிட்டால் தேகப்பயிற்சி. உள்ளேயே வைத்தால் ராத்திரி பகல் சண்டைதான், சாப்பாடு கூட இறங்காது.

கோட்டை கதைக்கு வருகிறேன். இதில் நான் ஒரு மீனைப் பறிகொடுத்திருக்கிறேன். பல வருஷம் முன்னால், மறைவிடம் வேண்டுமே என்று அடியில் ஓட்டை உள்ள சின்ன மண் பூந்தொட்டி ஒன்றைப் படுக்க வைத்தேன். ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து விளக்கைப் போட்டால், மீன் அந்த ஓட்டையில் தலையை விட்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் செத்துக் கிடந்தது. வெறும் செவுள் இந்த மீனுக்குப் போதாது, தலைக்குள் தனியாக ஒரு மூச்சுறுப்பு உண்டு. அடிக்கடி மேலே வந்து காற்றை ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். மேலே வர முடியாமல் மாட்டிக்கொண்டால் மீனும் மூழ்கிச் சாகும். இதை அன்றைக்கு யார் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். ஜன்னலோ ஓட்டையோ, ஒன்று மீன் திரும்பி வருகிற அளவுக்குப் பெரிசாக இருக்க வேண்டும், இல்லை தலையே நுழையாத அளவுக்குச் சிறிசாக இருக்க வேண்டும். நடுத்தரம்தான் எமன்.

அப்படியானால் என்னதான் போடுவது? தாராவி கும்பார்வாடாவில் வர்ணம் பூசாத, ஓட்டை இல்லாத சின்ன மண் குடுவை கிடைக்கும். வாய் அகலமாகப் பார்த்து வாங்கிப் படுக்க வையுங்கள். விரலால் தடவி, சொரசொரப்பு இருந்தால் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்துவிடுங்கள். இன்னொன்று, உங்கள் காலனியிலேயே பாதாம் மரம் இருக்கும், நாட்டு வாதுமை. செம்பூரில் மரத்துக்கா பஞ்சம்! தானாக உதிர்ந்து காய்ந்த பழுப்பு இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் டீ போல லேசாக நிறம் மாறும், அது கறை இல்லை. இந்த மீன் தாய்லாந்து, கம்போடியா பக்கத்து வயல் வாய்க்கால்களில் இலை தழை ஊறிய தண்ணீரில் பிறந்த ஜாதி. தாய்லாந்துக்காரர்கள் 2019-ல் இதைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டார்கள். நாம் ரோஸ் கலர் செடி வாங்கிக் கொடுக்கிறோம்.

டோம்பிவிலி தோட்டக்காரி:

மாமா சொன்னதில் எல்லாம் எனக்கு உடன்பாடு, பாதாம் இலையைத் தவிர. கெடுதல் என்று சொல்லவில்லை. என் வீட்டில் போட்டபோது தொட்டி சாக்கடைத் தண்ணீர் போல இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், அலுத்துப்போய் எடுத்துவிட்டேன். அது போக, மழைக்காலத்தில் காலனிக்குள் கொசு மருந்துப் புகை அடிப்பார்கள், மரத்துக்குப் பூச்சி மருந்தும் அடிப்பார்கள். அந்த இலையை எடுக்கும் முன் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உயிர்ச்செடி வையுங்கள் அக்கா. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் வெயில் கேட்காது, சாகாது. ஒரே விதி: வேர் விடுகிற தடித்த கிடைத்தண்டைக் கல்லுக்குள் புதைக்கக் கூடாது, அழுகிவிடும். ஒரு கல்லோடு தையல் நூலால் கட்டிவிட்டால் வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். அனுபியாஸின் அகல இலை தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வருகிற மாதிரி வைத்துப் பாருங்கள். மீன் அதன் மேல் கட்டில் போலப் படுத்துக்கொள்ளும். முதல் முறை பார்த்து நான் செத்துவிட்டது என்று அழுதேன்.

அதுவும் வேண்டாம் என்றால் வீட்டு மணி பிளான்டில் ஒரு கொடி வெட்டி, இலை வெளியே, வேர் உள்ளே என்று தொங்கவிடுங்கள். மிதக்கும் செடி வாங்கினால் மேல்பரப்பை முழுக்க மூடவிடாதீர்கள், காற்றுக் குடிக்க இடம் வேண்டும். தொட்டிக்கு மூடியும் வேண்டும், இது துள்ளுகிற மீன். என்னுடையது ஒரு தடவை மிக்ஸிக்குப் பின்னால் கிடந்து கிடைத்தது.

மாட்டுங்கா மாமா:

சாக்கடை என்கிறவர்களுக்கு டிகாக்ஷன் என்று சொல்லுங்கள் அம்மா. மாட்டுங்காவில் யாரும் முகம் சுளிப்பதில்லை. பூச்சி மருந்து விஷயம் நூற்றுக்கு நூறு சரி, எனக்குத் தோன்றாமல் போயிற்று.

செம்பூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. துப்பட்டாவைப் போட்டு இழுத்தேன், செடி அதை அப்படியே பிடித்துக்கொண்டது, நூல் பிரிந்து வந்தது. வாலின் கிழிசல் ஓரம் சுத்தமாகத்தான் இருக்கிறது. நீலக் கல் வெந்நீரில் நீலம் விட்டது, அதுவும் போயிற்று. கோட்டையின் ஜன்னல் மாமா சொன்ன அதே நடுத்தரம். அந்தக் கதையைப் படித்துவிட்டு ராத்திரியே எழுந்து அதை எடுத்து வெளியே வைத்தேன்.

இப்போது தொட்டி மொட்டையாக இருக்கிறது, மகள் முகமும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை கும்பார்வாடா போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். பொம்மைக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்களேன், தெளிவாக வார்னிஷ் அடித்தால் தாங்காதா?

தாராவி 90 அடி:

வார்னிஷ் வேண்டாம் அக்கா, எதில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அடியில் ஒரு கீறல் விட்டாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். பொம்மையைத் தொட்டிக்கு வெளியே பின்பக்கம் வையுங்கள். முன்னால் நின்று பார்த்தால் தண்ணீருக்குள் இருப்பது போலவே தெரியும். கும்பார்வாடா வரும்போது காலையிலேயே வாருங்கள், சூளை மூட்டிவிட்டால் சந்தெல்லாம் புகை.

செம்பூர் அம்மா:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். குடுவை இருபது ரூபாய்க்கு வாங்கினோம். அனுபியாஸ் ஒன்று, சாயமில்லாத கூழாங்கல், வாட்ச்மேனிடம் கேட்டு எடுத்த ஒரு பாதாம் இலை. மருந்து அடித்து நாலு மாதம் ஆயிற்றாம், அப்படியும் இரண்டு தடவை அலசித்தான் போட்டேன். மீன் பகலில் பாதி நேரம் குடுவைக்குள், மீதி நேரம் இலை மேல். கிழிசலின் ஓரத்தில் கண்ணாடி நிறத்தில் ஒரு கோடு வளர்ந்திருக்கிறது.

காளிங்கனைத் தொட்டிக்குப் பின்னால் வைத்தோம். தண்ணீர் வழியாகப் பார்த்தால் மடுவில் ஆடுகிற மாதிரியேதான் இருக்கிறது, மாமியாரே கூப்பிட்டுப் பக்கத்து வீட்டு மாமிக்குக் காட்டினார். ஒரே சிக்கல், மீனுக்கும் தெரிந்துவிட்டது. ஐந்து தலையையும் பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு முதல் நாள் முழுக்கக் கண்ணாடியை முட்டியது. பொம்மையை ஒரு அடி பின்னால் தள்ளி, நடுவில் ஒரு டிரேசிங் பேப்பர் ஒட்டினேன். இப்போது கிருஷ்ணன் மங்கலாகத் தெரிகிறான், மீன் சாப்பிடுகிறது. மாமியார் அந்தப் பேப்பரை எப்போது எடுப்பாய் என்று தினமும் கேட்கிறார்.