ஏசி அறைக்கு ஹியூமிடிஃபையர் வாங்கலாமா? போர் தண்ணீர்தான் இருக்கிறது

வில்லாபுரத்தான்:

வணக்கம். எங்கள் வீட்டில் படுக்கையறைக்கு மட்டும் ஏசி, பத்துக்குப் பன்னிரண்டு அறை. பங்குனி பிறந்ததில் இருந்து ராத்திரி முழுக்க ஓடுகிறது. மகளுக்கு ஆறு வயது. காலையில் எழும்போது மூக்கு காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது, சில நாள் லேசாக ரத்தமும் வருகிறது. எனக்கும் தொண்டை வறள்கிறது. வீட்டம்மா ஆன்லைனில் காற்றில் ஈரம் ஏற்றுகிற ஹியூமிடிஃபையர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், புகை மாதிரி பனி கிளம்புமே அந்த வகை, 4 லிட்டர் டேங்க், 2,000 ரூபாய்க்குக் கிட்ட. "மதுரையில் எவனாவது காசு கொடுத்துப் புழுக்கத்தை வாங்குவானா" என்று அப்பா சிரிக்கிறார்.

ஏசி ஓடும்போதே இதையும் போடலாமா? போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்திருக்கிற உப்பின் அளவு) 1,000-க்குப் பக்கம், அதை ஊற்றினால் என்ன ஆகும்? சளி பிடித்தால் யூகலிப்டஸ் தைலம் நாலு சொட்டு விடலாம் என்கிறார்களே, சரியா?

புதூர் ஏசி மெக்கானிக்:

அண்ணே, மிஷினுக்கு முன்னாடி 300, 400 ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டர் ஒன்று வாங்கி, ஏசி காற்று நேராகப் படாத இடமாகப் பார்த்துத் தலைமாட்டில் வையுங்கள். ஹைக்ரோமீட்டர் என்று தேடினால் கிடைக்கும். 40-ல் இருந்து 50, 55 சதவீதம் வரை காட்டினால் எதுவும் வாங்க வேண்டாம். 30-க்குக் கீழே போனால்தான் காற்று உண்மையாகவே காய்ந்து கிடக்கிறது.

ஏசி ஈரத்தை உறிஞ்சுவது நிஜம், வெளியே டியூபில் சொட்டுவதே அறையில் இருந்த ஈரம்தான். ஆனால் சித்திரை மாதம் மதியம் 40 டிகிரியில் 27 சதவீதம் இருக்கிற வெளிக்காற்றை அப்படியே 25 டிகிரிக்குக் குளிர வைத்தால், ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் 60-ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் குளிர்ந்த காற்றால் தாங்க முடிகிற ஈரமே குறைவு. அதில் இருந்துதான் ஏசி கொஞ்சம் பிடித்து வெளியே விடுகிறது. அதனால் நான் சர்வீஸுக்குப் போகிற வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் 45, 50-ல்தான் நிற்கிறது.

அப்புறம் ஏன் மூக்கு காய்கிறது என்றால், பாதி வீடுகளில் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. ஏசியில் காற்று வருகிற வாயில் இருக்கிற பிளேடை மேலே தூக்கி விடுங்கள், ஏசியின் ஃபேன் வேகத்தைக் குறையுங்கள், ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். ரிமோட்டில் தண்ணீர்ச் சொட்டுப் படம் தெரிகிறதா என்று பாருங்கள், பல ரிமோட்டில் அதுதான் ட்ரை மோட், ஈரத்தை எடுப்பதற்கென்றே இருப்பது, அதில் இருந்தால் மாற்றிவிடுங்கள். 2020 ஜனவரிக்குப் பிறகு வந்த ஏசி எல்லாம் ஆன் பண்ணினால் 24-ல்தான் தொடங்கும், அதைப் போய் 18-க்கு இறக்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். 26 வைத்து மேலே ஃபேனை மெதுவாகச் சுற்ற விட்டால் போதும், கரண்ட் பில்லும் குறையும்.

இரண்டையும் சேர்த்துப் போடலாம், கெடுதல் இல்லை. நீங்கள் டேங்கில் ஊற்றுவதில் ஒரு பங்கை ஏசி பிடித்து வெளியே கொட்டும், அவ்வளவுதான்.

கடச்சனேந்தல் அக்கா:

தம்பி, அந்தப் பனி கிளப்புகிற மிஷின் அல்ட்ராசோனிக். தண்ணீரை ஆவியாக்காது, அதிர வைத்துத் துளித்துளியாக உடைத்து அப்படியே வெளியே தள்ளும். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதுவும் கூடவே பறக்கும். டிடிஎஸ் 1,000 என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. ராத்திரிக்கு 3 லிட்டர் ஓடினால் 3 கிராம் வெள்ளைத் தூள் அந்த மூடிய அறைக்குள்தான் இறங்கும், டிவி மேலே, அலமாரிக் கண்ணாடி மேலே, அப்புறம் பிள்ளையின் நெஞ்சுக்குள்ளேயும். எங்கள் வீட்டுக் கறுப்பு பீரோ சாம்பல் பூத்த மாதிரி ஆனது. காய்ச்சி ஊற்றினாலும் போகாது, கரைந்திருக்கிற உப்பில் முக்கால்வாசி அப்படியே நிற்கும். ஆர்ஓ தண்ணீர் அல்லது கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். டிடிஎஸ் 50 என்றால் அதே 3 லிட்டருக்கு 0.15 கிராம்தான்.

கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் திரி வைத்த வகை கிடைக்கிறதா பாருங்கள். நனைந்த திரி மேலே ஃபேன் ஊதும், உப்பெல்லாம் திரியிலேயே தங்கிவிடும், ஆனால் திரியை அடிக்கடி மாற்ற வேண்டும், நம்ம ஊர் போர் தண்ணீரில் அது சீக்கிரம் விறைத்துப் போகும். கொதிக்க வைத்து ஆவி விடுகிற வகையில் தூள் பறக்காது, ஆனால் வெந்நீர் இருக்கிற சாமான், ஆறு வயசுப் பிள்ளை ஓடியாடுகிற அறையில் நான் வைக்க மாட்டேன்.

தைலம் வேண்டவே வேண்டாம். பல மிஷின்களில் டேங்க் பிளாஸ்டிக்கே வெடிப்பு விடும், சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறலும் வரலாம். டெட்டால், பினாயில் மாதிரி எதையும் தண்ணீரில் கலக்காதீர்கள். தென்கொரியாவில் டேங்கில் கலப்பதற்கென்றே கடையில் விற்ற கிருமிநாசினியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப் பலர் செத்தார்கள், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உட்பட. காரணம் 2011-ல்தான் வெளியே வந்தது. சுத்தம் செய்வது தனி வேலை, ஆனால் செய்தே ஆக வேண்டும்: தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டித் துடைத்துக் காய வைப்பது, மூன்று நாளைக்கு ஒரு தடவை வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி அரைமணி நேரம் ஊற வைத்துத் தேய்த்து நன்றாக அலசுவது. இது முடியாது என்றால் மிஷின் வேண்டாம். பாசி பிடித்த டேங்க் கிருமியையும் சேர்த்தே ஊதும்.

மூக்கில் ரத்தம் அடிக்கடி வந்தால் மிஷினை நம்பாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். பிள்ளைகள் மூக்கைக் குடைவதும் ஒரு காரணம். எங்களுக்கு டாக்டர் வெறும் சலைன் சொட்டுதான் எழுதிக் கொடுத்தார்.

மில்காரர்:

நான் பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களுக்கு ஈரப்பதம் என்றால் பிழைப்பு, காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், அதனால் மில்லுக்குள் பெரிய பிளான்ட் போட்டு ஈரக்காற்றை விட்டுக்கொண்டே இருப்பார்கள். நெசவுப் பக்கம் இன்னும் கூடுதலாக வேண்டும், வேர்வை வழிந்து ஓடும். நூலுக்கு நல்லது மனுஷனுக்கு நல்லது இல்லை என்று அங்கேயே தெரிந்துகொண்டோம்.

வாங்குகிற மீட்டரை நம்புவதற்கு முன்னால் சோதித்துப் பாருங்கள் தம்பி. ஒரு மூடியில் கல்லுப்பைப் போட்டு, கரைந்து போகாமல் சேறு மாதிரி இருக்கிற அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து டப்பாவில் இறுக்கமாக மூடி எட்டு மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் 5 குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, உங்கள் அளவு அறையை 35-ல் இருந்து 50-க்குக் கொண்டுவர ஒரு டம்ளர் தண்ணீர்கூட வேண்டாம், காற்று புகாமல் அடைத்த அறையாக இருந்தால். கதவிடுக்கும் ஏசியும் எடுத்துக்கொள்வதால்தான் தொடர்ந்து ஊற்ற வேண்டியிருக்கிறது. குளித்த துண்டைப் பிழிந்து கொடியில் அறைக்குள்ளேயே போட்டால் அதுவே பெரிய உதவி. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் எந்த மிஷினையும் போடாதீர்கள். 60-க்கு மேலே நின்றுகொண்டே இருந்தால் சுவரில் பூஞ்சை, மெத்தையில் தூசிப்பூச்சி, இருக்கிற வீசிங்கும் கூடும்.

வில்லாபுரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வந்துவிட்டது, உப்புச் சோதனையில் 73 காட்டியது. ஏசி ஓடும் அறையில் ராத்திரி 47, 48. மதியம் ஏசி இல்லாத ஹாலில்தான் 28! பிளேடை மேலே திருப்பி 26-ல் வைத்திருக்கிறேன், தொண்டை பரவாயில்லை. மகளை நாளைக்கு டாக்டரிடம் காட்டப் போகிறோம். கார்ட்டில் இருந்ததை நீக்கியாச்சு, வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஹாலுக்கு என்ன செய்யலாம்?

புதூர் ஏசி மெக்கானிக்:

ஹாலுக்கு ஏர் கூலர் போதும் அண்ணே, அதுவே பெரிய சைஸ் ஹியூமிடிஃபையர்தான், நம்ம ஊர்க் காய்ந்த வெயிலுக்கு நன்றாக வேலை செய்யும். ஜன்னல் ஓரம் வைத்து எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள், அடைத்த அறையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்துவிடும். இதில் போர் தண்ணீரே ஊற்றலாம், உள்ளே தண்ணீரில் நனைகிற பேடில் உப்பு கட்டும், அதை மட்டும் சீசனுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வாரம் ஒரு தடவை டேங்கைக் காலி பண்ணிக் கழுவுங்கள், கொசு முட்டை வைக்கும்.