ஒரே தேதி கேட்காத ப்ராஜெக்ட் டூல் ஏதாவது இருக்கிறதா?

தேதிக்கடன்காரன்:
ஆறு பேர் டீம். எந்த வேலையைக் கேட்டாலும் பசங்க "மூன்று நாளில் முடியலாம், பேமென்ட் பக்கம் மாட்டினால் பதிமூன்றும் ஆகலாம்" என்கிறார்கள். நேர்மையான பதில்தான், ஆனால் நாங்கள் வைத்திருக்கிற ஆன்லைன் டூலில் எஸ்டிமேட்டுக்கு ஒரே ஒரு கட்டம், அதில் 5 என்று போட்டுவிட்டால் கிளையன்டுக்கு அது சத்தியவாக்கு. இரண்டு எண்ணையும் வாங்கிக் கணக்குப் போடுகிற டூல் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

கட்டம்போட்டசட்டை:
லிக்விட்பிளானர் பாருங்கள். அதன் அடிப்படையே குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் கொடுப்பதுதான், முடியும் தேதியையும் ஒரு வரம்பாகவே காட்டும். இப்போது அது டெம்போ நிறுவனத்தின் கையில், அதனால் விலையையும் பெயரையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழையமேனேஜர்:
டூல் வாங்கும் முன் ஒரு ஷீட்டில் போட்டுப் பாருங்களேன். 1958-ல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்கு உருவாக்கிய பெர்ட் கணக்குதான் இது. நல்லபடி போனால் 3, வழக்கமாக 5, சொதப்பினால் 13 என்றால் (3 + 4×5 + 13) / 6, அதாவது 6 நாள். விலகல், அதாவது சராசரியிலிருந்து முன்னே பின்னே போகிற அளவு, (13−3)/6, சுமார் 1.7. இதே மாதிரி பத்து வேலையை ஒருவரே வரிசையாகச் செய்தால் சராசரி 60 நாள். 90 சதவீத நம்பிக்கை வேண்டுமென்றால் 67 போதும், எல்லாமே சொதப்பும் என்று பயந்து 130 சொல்ல வேண்டியதில்லை.

ரிலீஸ்ராத்திரி:
அண்ணே, அந்த 67 பத்து வேலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாக இருந்தால்தான். இவர் சொல்வதோ பேமென்ட், அது இழுத்தால் நாலைந்து வேலை சேர்ந்தே இழுக்கும். அப்புறம் இணையாக ஓடுகிற வேலைகள் இருக்கின்றன. மூன்று பேர், ஒவ்வொருவரும் சொன்ன நாளில் முடிக்க 50 சதவீத வாய்ப்பு என்றால், மூன்றும் அன்றைக்கே முடிய 12.5 சதவீதம்தான், டெஸ்டிங்காரர் கடைசியாக முடிக்கிற ஆளுக்காகத்தான் உட்கார்ந்திருப்பார்.

எனக்குப் பிடித்தது 2007-ல் ஃபாக்பக்ஸ் என்கிற பிழை, வேலைப் பதிவு டூலில் வந்த முறை. ஆளுடைய பழைய எஸ்டிமேட்டையும் உண்மையில் ஆன நேரத்தையும் எடுத்து, அந்த விகிதங்களைக் குலுக்கிப் போட்டுப் பலமுறை ஓட்டி, எந்தத் தேதிக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும். அதாவது மான்டி கார்லோ. ஷீட்டிலேயே ராண்ட்பிட்வீன் (குலுக்கல் எண் தருகிற ஃபார்முலா) வைத்துப் பழைய விகிதங்களில் ஒன்றை எடுக்கச் சொல்லி ஆயிரம் வரிசை இழுத்தால் வந்துவிடும். "13 நாள் ஆகலாம்" என்பதுகூட மனுஷன் வாயில் வருகிற எண்தானே, மோசமான நாளைப் பெரும்பாலும் நாம் குறைத்தே சொல்கிறோம்.

தேதிக்கடன்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. பழைய டிக்கெட்டுகளை, அதாவது டூலில் ஒவ்வொரு வேலைக்கும் போட்ட பதிவுகளைத் தோண்டினேன், திறந்த தேதியும் மூடிய தேதியும் இருக்கிறது, வேலையைத் தொடங்கிய தேதியை ஒருத்தரும் குறிக்கவில்லை. ஒரு டிக்கெட் 41 நாள் காட்டுகிறது, அதில் 38 நாள் சும்மா கிடந்தது!

ரிலீஸ்ராத்திரி:
அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிளையன்ட் காத்திருந்தது அந்த 41 நாளும்தான். வேலைக் கணக்குக்கு இன்றிலிருந்து தொடங்கிய தேதியையும் குறிக்கச் சொல்லுங்கள், முப்பது டிக்கெட் சேர்ந்ததும் ஓட்டிப் பாருங்கள்.