தங்கைக்குக் காடு, மண், நீர் சம்பந்தமான படிப்பு: குறைந்த செலவில் எது?

திருப்பூர்க்காரன்:
வணக்கம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். தங்கை பிளஸ் டூ, உயிரியல் குரூப். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளிதான். காடு, மண், நீர் என்று இயற்கை வளம் பற்றித்தான் படிப்பேன் என்று பிடிவாதம். நீட் பேச்சையே எடுக்கக் கூடாதாம். ஒரு தனியார் கல்லூரியில் சுற்றுச்சூழல் மேலாண்மைப் பட்டப்படிப்பு இருக்கிறது, கட்டணம் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டுகிறது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. கடன் வாங்கிச் சேர்த்துவிடலாமா?

சவுக்குத்தோப்பு:
கடன் வேண்டாம்ங்க. முதலில் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியைப் பாருங்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது, நான் படித்ததும் அங்கேதான். நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. (ஆனர்ஸ்) வனவியல். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. உங்கள் தங்கைக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் எழுதிப்போடுங்கள், ஒதுக்கீட்டில் வராவிட்டால் கட்டணச் சலுகைக்குக் கைகொடுக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புலி, யானை என்று கனவோடு வருகிறவர்களுக்கு முதல் வருடமே முகம் தொங்கிவிடும். நாற்றங்கால், மண், மரத்தின் சுற்றளவு அளப்பது, சவுக்கு, மலைவேம்பு என்றுதான் பாதிப் படிப்பு ஓடும். ஆனால் வேலை கிடைப்பதும் அதில்தான். காகித ஆலைகளுக்கு மரம் வேண்டும்; விவசாயியிடம் கன்று கொடுத்து வளர்க்க வைத்து வாங்கும் பிரிவில் நம் ஆட்கள் நிறைய.

ஊட்டி பழைய மாணவி:
வனவியல் கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடாது தம்பி. அரசுக் கலைக் கல்லூரியில் தாவரவியலோ விலங்கியலோ எடுக்கலாம். மூன்றே வருடம், செலவும் சொற்பம். ஊட்டி அரசுக் கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் துறையும் இருக்கிறது. பிறகு எம்.எஸ்ஸி.க்கு டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் வரை போகலாம்.

அந்தத் தனியார் படிப்பில் எனக்கு ஒரு சந்தேகம். ஐ.எஃப்.எஸ். என்கிற இந்திய வனப் பணித் தேர்வுக்கு யு.பி.எஸ்.சி. ஒரு பாடப் பட்டியல் வைத்திருக்கிறது: தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை மருத்துவம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். 'சுற்றுச்சூழல் மேலாண்மை' என்ற பெயர் அதில் இல்லை. லட்சம் கொடுத்து அந்தக் கதவை ஏன் சாத்திக்கொள்ள வேண்டும்?

திருப்பூர்க்காரன்:
நன்றி அண்ணா, அக்கா. ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு நடைத் தேர்வு எல்லாம் வைப்பார்களாமே, பெண்பிள்ளைகளுக்குமா?

ஊட்டி பழைய மாணவி:
உண்டு. ஆண்களுக்கு 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்களுக்கு 14. பழகினால் ஒன்றுமில்லை. அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது, இப்போது மார்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சவுக்குத்தோப்பு:
வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் தனித்தனி, இரண்டையும் போட்டுவிடுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியரிடம் சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.