சிபாப் போட்டுத் தூங்கினால் வாய் காய்ந்துவிடுகிறது

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் போட்டுத் தூங்குகிறார். மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் 3-இல். இரவில் அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வு, நரம்பு வலிக்குத் தரும்) மாத்திரை. காலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. வாயை ஈரமாக்கும் ஸ்ப்ரே வாங்கலாமா?

பதில் 1: முதலில் மெஷினில் லீக் அளவைப் பாருங்கள். வாய் திறந்து காற்று வெளியேறினால் ஈரப்பதத்தை எவ்வளவு கூட்டினாலும் பலன் குறைவு. மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள், தாடைப் பட்டை அல்லது ஃபுல் ஃபேஸ் மாஸ்க் பற்றிக் கேளுங்கள். பிறகு ஹியூமிடிஃபையரை 4, 5 என்று ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். குழாயில் தண்ணீர் கோத்து முகத்தில் சொட்டினால் ஏசி குளிர்தான் காரணம்: குழாய்க்குத் துணி உறை போடுங்கள், அல்லது ஹீட்டட் டியூப். தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும், தினமும் புதிதாக.

பதில் 2: அமிட்ரிப்டிலினே எச்சிலைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் மாற்று கேளுங்கள். கார்பாக்ஸிமீத்தைல் செல்லுலோஸ் (எச்சில்போல் வழவழப்பு தரும் பொருள்) உள்ள ஸ்ப்ரே, ஜெல் கொஞ்ச நேரம்தான் தாங்கும்; படுக்கும்முன் ஜெல் நல்லது. பகலில் சைலிடால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு) சூயிங்கம். அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், அதற்கு அது விஷம்.

பதில் 3: பல்லை மறக்காதீர்கள். எச்சில் குறைந்தால் வேரோரம் சொத்தை வேகமாக வரும். ஆல்கஹால் மவுத்வாஷ் வேண்டாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பலாம். எச்சிலைச் சுரக்க வைக்கும் பைலோகார்ப்பின் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நீங்களாக வாங்கவே கூடாது. கட்டுப்படாத ஆஸ்துமா, குறுகிய கோண கிளாக்கோமா (கண் அழுத்த நோயில் ஒரு வகை) உள்ளவர்களுக்கு ஆபத்து.